உப்பும் கைப்பிடியும்: வீட்டுப் பழ ஐஸின் கதை

மாம்பழக் கூழோ எலுமிச்சைச் சாறோ கொஞ்சம் சர்க்கரையோடு கலந்து உறையவைத்தால் பழ ஐஸ் தயார். இதைவிட எளிய பண்டம் உண்டா என்று தோன்றும். ஆனால் இதன் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டே கட்டங்களைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். முதலில் அரசர்கள் காலம்: மலையுச்சியிலிருந்து பனியைச் சுமந்துவர ஆட்கள், அதைத் தங்கக் கிண்ணத்தில் உண்ணும் மன்னர்கள். அடுத்தது ஃபிரிட்ஜ் காலம்: மின்சாரம் வந்தது, பெட்டி வந்தது, அரசர்களின் பண்டம் எல்லோர் வீட்டுக்கும் வந்துசேர்ந்தது. இடையே மார்க்கோ போலோ சீனத்திலிருந்து செய்முறையைக் கொண்டுவந்தார், 1533-இல் பிரான்சுக்கு மணமுடித்துப் போன காத்தரீன் தெ மெதிச்சி இத்தாலியச் சமையல்காரர்களோடு அதையும் கொண்டுபோனார் என்ற இரண்டு கதைகள் செருகப்படும். அவர்கள் வாழ்ந்த காலத்து ஆவணம் எதிலும் இந்தக் கதைகளுக்குச் சான்று கிடையாது. உணவு வரலாற்றாசிரியர் எலிசபெத் டேவிட், 1994-இல் வெளிவந்த தம் நூலில் பனிக்கட்டியின் வரலாற்றை ஆவணங்களோடு ஒப்பிட்டு இவற்றை ஒதுக்கிவிட்டார். கட்டுக்கதைகள் போகட்டும். அந்த இரண்டு கட்டச் சித்திரமே தவறு என்பதுதான் இங்கே என் வாதம். பழ ஐஸை வீட்டு அடுப்படிக்குக் கொண்டுவந்தவை கல்லுப்பும் கையால் கிண்டும் வேலையும். ஃபிரிட்ஜ் மிகவும் பிந்தி வந்தது. வந்தபோது குளிரைக் கொடுத்து, பழ ஐஸின் பக்குவத்தைக் கெடுத்தது.

இதற்கு முதல் சான்று ஏட்டில் இல்லை, பண்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது. தண்ணீர் பூச்சியம் டிகிரியில் உறையும். சர்க்கரை கலந்த பழச்சாறு அந்தக் குளிரில் உறையாது. நான்கில் ஒரு பங்கு சர்க்கரை இருந்தால் ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரியில்தான் முதல் படிகம் தோன்றும். கரண்டியில் நிற்கும் பதத்துக்கு வர மைனஸ் 8, மைனஸ் 10 வரை போகவேண்டும். வெறும் பனிக்கட்டிக்கு நடுவில் சாற்றுக் கிண்ணத்தை எத்தனை மணி நேரம் புதைத்து வைத்தாலும் சாறு சில்லென்று ஆகுமே தவிர உறையாது, ஏனென்றால் உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போவதில்லை. அரசனிடம் ஒரு மலைப்பனியே இருந்தாலும் அவனால் அதைச் சாற்றில் போட்டுக் குடிக்க முடிந்ததே ஒழிய, சாற்றை உறையவைக்க முடிந்திருக்காது. பனிக்கட்டியோடு உப்பைக் கலந்தால் கதை மாறுகிறது. உப்பு பட்ட பனிக்கட்டி பூச்சியத்துக்குக் கீழேயும் உருகத் தொடங்குகிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்திலிருந்து அது உறிஞ்சிக்கொள்கிறது. எடைக்கு எடை மூன்று பங்கு பனிக்கட்டிக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவில் கலவை மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும். இன்றைய வீட்டு ஃப்ரீசர் நிற்பது மைனஸ் 18-இல். அதாவது ஒரு மர வாளி, ஐஸ், கல்லுப்பு மூன்றும் சேர்ந்தால் மின்சாரமே இல்லாமல் ஃப்ரீசரை எட்டிப் பிடிக்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். உப்புக்கு முன்பே வெடியுப்பு இருந்ததே, அதைக் கொண்டு குளிரூட்டியதாக ஏடுகள் சொல்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். 13-ஆம் நூற்றாண்டு அரபு மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு அபி உசைபியா வெடியுப்பால் குளிரூட்டுவதைக் குறிப்பிடுகிறார். ஸ்பானிய மருத்துவர் பிளாஸ் வில்லாஃபிராங்கா 1550-இல் உரோமில் இதைப் பற்றித் தனி நூலே அச்சிட்டார். அக்பர் அவையில் வெடியுப்புக் கரைத்த நீருக்குள் குடுவையைச் சுழற்றிக் குடிநீரைக் குளிரவைத்த முறையை அபுல் ஃபசல் 'ஆயினே அக்பரி'யில் விவரமாகவே எழுதியிருக்கிறார். 1586 வாக்கில் அரசவை பஞ்சாபுக்கு மாறிய பிறகு, லாகூரிலிருந்து 45 குரோசத் தொலைவிலிருந்த வடக்கு மலைப்பகுதியிலிருந்து பனிக்கட்டி கொண்டுவரப்பட்டதையும் சொல்கிறார். ஆனால் கவனியுங்கள், இவை எல்லாம் குடிப்பதைக் குளிரவைக்கும் முறைகள். வெடியுப்பு தண்ணீரில் கரையும்போது குளிர்கிறது, அவ்வளவுதான். பனிக்கட்டியோடு சேர்த்தாலும் தூய வெடியுப்பு மைனஸ் 3-ஐத் தாண்டுவதில்லை. சர்க்கரைச் சாற்றில் நாலு படிகம் கட்டவே அது போதும், உறையவைக்கப் போதாது. 1589-இல் நேப்பிள்ஸ்காரர் ஜாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா பனியோடு வெடியுப்பைச் சேர்த்து, தண்ணீர் கலந்த திராட்சை மதுவை உறையவைத்த விதத்தை எழுதினார் என்பதும் உண்மை. அக்காலத்து வெடியுப்பு இன்றைய ஆய்வுக்கூடச் சரக்கைப் போலத் தூய்மையானதல்ல, சாதாரண உப்பும் கலந்தே கிடைத்தது. பாதி வேலையை அந்தக் கலப்பு செய்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். மலிவான சமையல் உப்பே அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும் என்று தெரிந்த பிறகுதான் பழ ஐஸ் பிறந்தது.

அது தெளிவாகத் தெரியும் இடம் நேப்பிள்ஸ். அந்தோனியோ லத்தினி என்ற அரண்மனைப் பணியாளர் 1692-இலும் 1694-இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்ட விருந்து நூலில் எலுமிச்சை, ஸ்ட்ராபெரி, புளிப்புச் செர்ரி முதலியவற்றை உறையவைக்கும் செய்முறைகள் இருக்கின்றன. சாறு, சர்க்கரை ஆகியவற்றோடு பனி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதற்கும் அவர் எடை தருகிறார். இதைவிட முக்கியமான ஒரு செய்தியும் அங்கே உண்டு: நேப்பிள்ஸில் எல்லோரும் இந்தக் கைத்திறனோடு பிறந்தவர்கள்போல இருக்கிறார்கள் என்ற கருத்தில் அவர் எழுதுகிறார். அரண்மனைக்கு மட்டும் உரிய இரகசியத்தைப் பற்றி யாரும் அப்படி எழுதமாட்டார்கள். தெற்கு இத்தாலியில் மலைப்பனி ஒரு வியாபாரச் சரக்கு. சிசிலியின் எட்னா மலைப்பனி கத்தானியா நகரத்து ஆயருக்கு வருவாய் தந்த சொத்தாக இருந்ததை, 1770-இல் அங்கே போன ஸ்காட்லாந்துப் பயணி பாட்ரிக் பிரைடன் பதிவுசெய்திருக்கிறார். பனியும் சந்தையில் விற்றது, கடல் உப்பும் பக்கத்திலேயே விளைந்தது. 1775-இல் அதே நேப்பிள்ஸில் ஃபிலிப்போ பல்தீனி என்ற மருத்துவர் உறைபானங்களின் உடல்நலப் பயன்களைப் பற்றி ஒரு நூலே எழுதும் அளவுக்கு இது அன்றாட உணவாகிவிட்டிருந்தது.

வீட்டுச் செய்முறை என்று நாம் பார்த்தவுடன் ஒப்புக்கொள்ளக்கூடிய பழைய பதிவு ஒன்று, 1718-இல் இலண்டனில் மேரி ஈல்ஸ் என்ற பெண்ணின் பெயரில் அச்சான சமையல் குறிப்புகளில் இருக்கிறது. ஆறு தகரக் குவளைகளுக்கு 18 அல்லது 20 பவுண்டு பனிக்கட்டி, ஒரு பவுண்டு கடல் உப்பு. வாளியின் அடியில் வைக்கோல், குவளைகள் ஒன்றையொன்று தொடாதபடி இடையிடையே பனிக்கட்டியும் உப்பும், மேலே மறுபடி வைக்கோல். வெளிச்சம் படாத நிலவறையில் நான்கு மணி நேரம் வைத்தால் உறைந்துவிடும். பழங்களை உறையவைக்கும் முறையையும் அவர் கூடவே தருகிறார்: செர்ரி, ராஸ்பெரி, ஸ்ட்ராபெரி போன்றவற்றைக் குவளையில் நெருக்கமில்லாமல் போட்டு, பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் அளவுக்கு இனிப்பான எலுமிச்சைச் சாற்றை ஊற்ற வேண்டும். இந்தக் குறிப்பில் எங்கும் அரசவைப் படாடோபம் இல்லை. அளவு, அடுக்கும் வரிசை, நேரம், அவ்வளவுதான். ஒரு குடும்பத்தலைவி தன் மகளுக்குச் சொல்லித்தரும் தொனி அது.

இந்தியாவுக்கு வருவோம். உறைபண்டம் முழுக்க மேற்கிலிருந்து வந்திறங்கியது என்று நினைப்பவர்களுக்கு எதிரான மிக நல்ல சான்று, அதே 1775-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்த சர் ராபர்ட் பார்க்கரின் கட்டுரை. அலகாபாத்தில் குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி விளைவித்த விதத்தை அவர் நேரில் பார்த்து எழுதினார். திறந்த வெளியில் ஆழமில்லாத பள்ளம் வெட்டி, கரும்புச் சக்கையையோ காய்ந்த சோளத்தட்டையையோ பரப்பி, அதன்மேல் மெல்லிய மண் தட்டுகளை வரிசையாக வைத்து, காய்ச்சி ஆறிய நீரை ஊற்றிவிடுவார்கள். தெளிந்த வானம், காற்றில்லாத இரவு என்றால், வெளிக்காற்று உறைநிலைக்கு வராதபோதும் தட்டில் ஏடு கட்டும். விடியுமுன் ஆட்கள் அதைச் சேகரித்து, வைக்கோல் வேய்ந்த ஆழ்குழியில் இடித்து நிரப்புவார்கள். கட்டுரையின் முடிவில் பார்க்கர் சொல்லும் செய்திதான் நமக்கு வேண்டியது. சர்பத்தும் பாலேடும் கூம்பு வடிவ வெள்ளிக் குவளைகளில் ஊற்றப்படும். மூடியின் விளிம்பு மாவால் அடைக்கப்படும். பனிக்கட்டி, வெடியுப்பு, சாதாரண உப்பு மூன்றும் சேர்ந்த பாத்திரத்தில் அவை புதைக்கப்படும். சற்று நேரத்தில் ஐரோப்பிய ஐஸ்கிரீமின் பதத்துக்கு உறைந்துவிடும். வெறும் தண்ணீரை இப்படி உறையவைத்தால் உடைக்கச் சுத்தியல் வேண்டியிருக்கும் என்றும் அவர் எழுதுகிறார். கூம்புக் குவளை, மாவடைப்பு, உப்புக்கலவை மூன்றையும் இன்றைய குல்ஃபிக்காரரின் பானையில் அப்படியே பார்க்கலாம். வெடியுப்பைப் பழக்கத்தால் சேர்த்தார்கள், வேலை செய்தது உப்பு.

சென்னைக் கடற்கரைக்கு அப்படிப்பட்ட இரவு கிடையாது. மார்கழிக் குளிரிலும் மண் தட்டில் நீர் உறையாது. இங்கே பனிக்கட்டி கடல் வழியாக வந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் 1833-இல் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஏரிப் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் உருகியது போக சுமார் 100 டன் கரையிறங்கியது. கூடவே ஆப்பிள் பழங்களும் வந்தன. கம்பெனி அரசு சுங்கத்தை விலக்கி, வெயில் படாமல் இரவிலேயே இறக்கிக்கொள்ளவும் அனுமதி தந்தது. 1842 வாக்கில் சென்னைக் கடற்கரையில் அதே வணிகத்துக்காகக் கட்டப்பட்ட வட்டக் கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். பிற்காலத்தில் விவேகானந்தர் தங்கியதால் அது இன்று விவேகானந்தர் இல்லம். கட்டடத்தின் பெயர் மாறினாலும் திருவல்லிக்கேணியின் அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தம் குடிசைக்கு அருகிலிருந்த வால்டன் ஏரியில் 1846-47 குளிர்காலத்தில் ஐஸ் வெட்டியதைப் பார்த்துவிட்டு, அந்த ஏரித்தண்ணீர் சென்னைக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போவதாக எழுதியிருக்கிறார். இந்த வணிகம் பழ ஐஸுக்குச் செய்த உதவி, பனிக்கட்டியைப் பருவத்திலிருந்து விடுவித்ததுதான். மாம்பழம் வரும் சித்திரை வைகாசியில் அலகாபாத்தின் குழி ஐஸ் கரையத் தொடங்கியிருக்கும். டியூடரின் கிடங்கிலோ கோடையிலும் சரக்கு இருந்தது. பழமும் ஐஸும் ஒரே மாதத்தில் சந்தித்தன. சென்னையில் 1874-இல் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி இயந்திர ஐஸ் செய்யத் தொடங்கிய பிறகு கப்பல் ஐஸின் காலம் முடிந்தது.

கையால் கிண்டும் வேலைக்கு இனி வரலாம், ஏனென்றால் குளிர் மட்டும் பழ ஐஸைத் தராது. அசையாமல் உறையும் சாற்றில் நீர் தனியாகப் பெரிய படிகங்களாகக் கட்டிக்கொள்ளும், சர்க்கரைப்பாகு நடுவே ஒதுங்கும். கடித்தால் நறநறக்கும், சப்பினால் இனிப்பு முதலில் வடிந்து வெறும் ஐஸ் மிஞ்சும். இதைத் தடுக்க 18-ஆம் நூற்றாண்டுச் சமையல்காரர்கள் மூடியிட்ட உலோகப் பானையை உப்பு ஐஸுக்குள் கையால் சுழற்றி, அவ்வப்போது திறந்து, சுவரில் படிந்ததைக் கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளினார்கள். திறக்கும்போதெல்லாம் குளிர் போகும், உப்புத் தண்ணீர் உள்ளே தெறிக்கும். 1843 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் பெற்ற காப்புரிமை இந்தத் தொல்லையைத் தீர்த்தது. வெளியே மரத்தொட்டி, உள்ளே தகர உருளை, உருளைக்குள் துளையிட்ட துடுப்பு, அதைச் சுற்ற மூடிக்கு மேலே ஒரு கைப்பிடி. மரம் வெளிவெப்பத்தைத் தடுக்கிறது, தகரம் உள்வெப்பத்தைக் கடத்துகிறது, துடுப்பு சுவரில் படியும் படிகத்தை அது வளருமுன்பே வழித்தெடுக்கிறது. மூடியைத் திறக்கவே வேண்டாம். அரை மணி நேரத்தில் வேலை முடியும். இந்தக் கருவியின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. தொழிற்சாலை இயந்திரத்திலும் குளிர்ந்த சுவர், அதை வழிக்கும் அலகு என்ற அதே ஏற்பாடுதான். ஆண்டுகளையும் பேரரசர்களையும் மனப்பாடம் செய்யும் நம் பள்ளிப் பாடங்களில் இந்தப் பெண்ணின் பெயருக்கு ஒரு வரி இடம் இருக்கலாம்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் கனமானது வர்க்கம் பற்றியது. வீடு என்று நான் சொல்லும் வீடு யாருடையது? மேரி ஈல்ஸின் நூலை வாங்கியவர்கள் நிலவறையில் பனிக்கட்டி சேமித்த பெரிய வீட்டார். சென்னை ஐஸ் ஹவுஸில் ஐஸ் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயக் குடும்பங்களும் பணக்காரர்களும். கைப்பிடியைச் சுற்றியவர்கள் அந்த வீட்டு வேலையாட்கள். இது நியாயமான கேள்வி. அலகாபாத்தில் விடியற்காலைக் குளிரில் தட்டிலிருந்து ஐஸை எடுத்த கைகள் அந்தச் சர்பத்தைச் சுவைத்திருக்காது. உப்புக்கும் விலை இருந்தது, விலைக்கு மேல் வரியும் இருந்தது. ஒரு லிட்டர் சாற்றை உறையவைக்க நான்கு கிலோ ஐஸும் ஏறத்தாழ ஒரு கிலோ கல்லுப்பும் வேண்டும், வேலை முடிந்ததும் அந்த உப்புநீர் சாக்கடைக்குப் போகும். 1888-இல் பிரித்தானிய அரசு உப்பு வரியை மணங்குக்கு இரண்டரை ரூபாயாக உயர்த்தியது. மணங்கு 37 கிலோ என்று கொண்டால் கிலோவுக்கு வரி மட்டுமே ஏறத்தாழ ஓர் அணா. கூலிக்காரக் குடும்பம் சோற்றுக்கே உப்பை எண்ணிப் போட்ட காலத்தில், ஒரு கிலோ உப்பை வாளியில் கொட்டி வீணாக்குவது நினைத்துப் பார்க்கமுடியாத காரியம். ஆகவே பழ ஐஸ் எல்லோர் வீட்டிலும் இருந்தது என்று நான் சொல்லவில்லை. எந்த வீட்டுக்குள் அது நுழைந்தாலும் உப்பின் வழியாகத்தான் நுழைந்தது என்பதே என் கூற்று, அதை இந்த மறுப்பு அசைக்கவில்லை. வரியும் விலையும் குறைந்த இடங்களில் அது வேகமாகக் கீழிறங்கியதையும் பார்க்கிறோம். இலண்டனில் கார்லோ கத்தி நார்வே ஐஸை இறக்குமதி செய்து, 1857 வாக்கில் கால்வாய்க் கரையில் ஆழ்கிணறு வெட்டிச் சேமித்தார். அந்த நகரத்தில் ஏழைப் பிள்ளைகள் ஒரு பென்னிக்கு ஐஸ் வாங்கித் தின்னும் காலம் அதன்பின் வந்தது.

வீட்டு மட்டத்தில் அந்த வேலையைச் செய்தது ஃபிரிட்ஜ்தானே என்பது அடுத்த மறுப்பு. குளிரைப் பரவலாக்கியது அதுதான், இதில் சந்தேகமில்லை. 1927-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வீட்டுப் பெட்டி வந்தது. இந்தியாவில் கோத்ரெஜ் 1958-இல் தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் பழ ஐஸுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். உப்புநீர் திரவம் என்பதால் பாத்திரத்தை நாலாபுறமும் தழுவி வெப்பத்தை வேகமாக இழுக்கும். ஃப்ரீசரில் இருப்பது அசையாத காற்று. கிட்டத்தட்ட ஒரே குளிரில், வாளியில் அரை மணியில் உறைவது பெட்டியில் நாலைந்து மணி எடுக்கும். மெதுவாக உறைந்தால் படிகம் பெரிதாகும். கிண்டுவாரும் இல்லை. இதைச் சரிக்கட்டத்தான் ஃபிரிட்ஜ் காலத்துச் செய்முறைகளில் கன்டென்ஸ்டு மில்க், அடித்த கிரீம், ஜெலட்டின் எல்லாம் புகுந்தன. கொழுப்பும் பசையும் படிகத்தைக் கட்டுப்படுத்தும். வெறும் பழச்சாற்றில் அவை இல்லை. அதனால் வீட்டு ஐஸ் பாலின் பக்கம் சாய்ந்தது, பழம் வாசனைக்கும் நிறத்துக்கும் மட்டும் எஞ்சியது. தெருவிலே பழச்சாற்றின் இடத்தைப் பிடித்த குச்சி ஐஸ், பெரிய படிகத்தையே ஏற்றுக்கொண்டு சப்பித் தின்னும் வடிவத்தை எடுத்தது. அந்தக் குச்சி ஐஸ் செய்யும் கூடத்துக்குள் போனால், அச்சுகள் முங்கியிருப்பது ஒரு உப்புநீர்த் தொட்டியில். மீன் சந்தைக்கு ஐஸ் பார் வார்க்கும் ஃபேக்டரியிலும் தகரக் கலங்கள் நிற்பது உப்புநீரில்தான். அம்மோனியாவும் கம்ப்ரஸரும் வந்த பிறகும் உப்பு வேலையை விட்டுப் போகவில்லை.

சிசிலியின் கிரானிதாவைச் சுட்டி, கரடுமுரடான படிகமும் ஒரு சுவைதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், ஆனால் கிரானிதாவையும் யாரும் அசையாமல் விட்டுவிடுவதில்லை. உறைய உறையக் கிளறி, படிகத்தைத் தாம் விரும்பிய அளவில் நிறுத்துகிறார்கள். பனிப்பாறையாக இறுகுவதற்கும் பனித்தூளாக நிற்பதற்கும் உள்ள வேறுபாடு கையில் இருக்கிறது. இன்று பல வீடுகளில் பழத்துண்டுகளை ஃப்ரீசரில் இறுகவைத்து, பிறகு மிக்சியில் அடித்து உடனே பரிமாறுகிறார்கள். வாழைப்பழமும் மாம்பழமும் சதைப்பற்று மிகுந்தவை என்பதால் வெண்ணெய்போல் வருகின்றன. நான்சி ஜான்சனின் துடுப்பு உறையும்போது செய்த வேலையை, மிக்சியின் கத்தி உறைந்த பிறகு செய்கிறது. 1960-களில் நம் ஊர் மசாலாவும் மாவும் அரைப்பதற்காக வந்த இயந்திரம், ஃபிரிட்ஜ் பறித்துக்கொண்ட பக்குவத்தைப் பழ ஐஸுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு, திராட்சை போன்ற நீர்த்த சாறுகளுக்கு மட்டும் இது உதவாது. அவற்றுக்கு இன்னும் கைச்சுற்று வாளியே சிறந்தது.

அந்த வாளிகள் நம் ஊர்களில் முழுவதும் அழிந்துவிடவில்லை. சில பழைய வீடுகளின் பரணில், துடுப்பும் பல்சக்கரமும் துருவேறிக் கிடக்கின்றன. பாத்திரக்காரர்களிடம் எடைக்கும் போகின்றன. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, மரத்தொட்டியின் விரிசல் அடைபட ஒரு இரவு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, ஐந்தாறு பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்புப் போட்டு, இந்தக் கோடையில் ஒருமுறையாவது சுற்றிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் அதில் என்ன பழம் போட்டார்கள், எவ்வளவு சர்க்கரை, ஐஸ் எங்கே வாங்கினார்கள், யார் கைப்பிடியைச் சுற்றினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். லத்தினியும் மேரி ஈல்ஸும் அளவுகளை எழுதி வைத்ததால்தான் நேப்பிள்ஸின் கதையும் இலண்டனின் கதையும் நமக்குக் கிடைத்தன. தமிழ் வீடுகளின் அளவுகளை எழுத இன்னும் நேரம் இருக்கிறது.